அண்ணப் பக்கத்தில் இரண்டாவது வேர்

என் கோப்பில் முதல் தாள் ஒரு கடிதம். வேலூர்ப் பக்கம் சிறுநீரக மாற்று அறுவை செய்யும் ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை என் கிளினிக்குக்கு வந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி. தமிழில் அதன் பொருள் இது: "இந்த நோயாளிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த நாள் குறித்துள்ளோம். மேல் இடது முதல் கடைவாய்ப்பல்லில் தொற்று இருப்பதாகத் தெரிகிறது. தகுந்த சிகிச்சை செய்து, வாயில் தொற்று ஏதும் இல்லை என்று பதினான்கு நாட்களுக்குள் சான்று தரவும்."

தேதியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். தேதி எழுதி வைப்பது என் வாழ்நாள் பழக்கம். அதை விடுவது எனக்கு எளிதல்ல. ஆனால் தேதி சொன்னால் ஆம்பூரில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் விசாரித்தால் போதும். ஆகவே பெயர்களை மாற்றி, கடிதம் வந்த செவ்வாயை முதல் நாள் என்று வைத்து எண்ணிக்கொண்டு போகிறேன். அறுவைக்குக் குறித்திருந்தது இருபத்திரண்டாம் நாள்.

இந்தப் பகுதியில் புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் இளம் பல் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேல் கடைவாய்ப்பல்லின் வேர்க்குழாய்களை எப்படிச் சுத்தம் செய்வது என்பது உங்களுக்குத் தெரியும். என்னைவிட நல்ல கருவிகள் உங்களிடம் இருக்கின்றன. அதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.

கடிதத்தைக் கொண்டுவந்தவர்கள் முனிரத்தினமும் அவர் மனைவி அமுலுவும். முனிரத்தினம் தோல் தொழிற்சாலையில் பதினைந்து வருடம், தோலைப் பதனிடும் டிரம் ஓட்டியவர். வயது நாற்பதுக்குள். இரண்டு சிறுநீரகமும் போய், திங்களும் வியாழனும் டயாலிசிஸ். அமுலு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தார். சிறுநீரகம் கொடுக்கப் போவது அவர்தான்.

நாற்காலியில் உட்காரும்போதே முனிரத்தினம் சிரித்தார். "இவ கிட்னி உள்ள வந்தா இனிமே இவ பேச்சத்தான் கேக்கணும் சார். அதான் பயமாக்குது."

"யோவ், இருவது வருசமா சொல்றேன், ஒரு வார்த்த கேட்டியா? கிட்னி வந்தாலாச்சும் கேக்குதான்னு பாக்கலாம்" என்றார் அமுலு.

அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தேன். அவர் முகம் சுளித்தார். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் ஒரு கருநிழல். சீழ் கட்டியிருந்தது.

நம் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுப்பார்கள். அந்த நிலையில் பல் வேரடியில் இருக்கும் துளிச் சீழ்கூட ஆளைக் கொன்றுவிடக்கூடும். அதனால்தான் முதலில் நம்மிடம் அனுப்புகிறார்கள்.

சந்தேகமான பல்லைப் பிடுங்கிவிடுவதே பாதுகாப்பு. அன்றும் எனக்கு அது தெரியும். சொன்னேன்.

முனிரத்தினம் கூரையைப் பார்த்தபடியே பேசினார். "எல்லாரும் எதையாச்சும் எடுத்துக்கினேதான் சார் இருக்காங்க. ரத்தத்த எடுக்கறாங்க, தண்ணிய எடுக்கறாங்க. கீழ லெப்ட்ல ரெண்டு பல்லு போன வருசமே போச்சு. இது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. டயாலிசிஸ் நோயாளிக்குப் பல் பிடுங்கினால் ரத்தம் எளிதில் நிற்காது. புண் ஆற நாள் பிடிக்கும். இருபத்திரண்டாம் நாள் தள்ளிப்போகலாம். தள்ளிப்போனால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. இந்த நியாயம் பொய் இல்லை. ஆனால் இதை இப்போது எழுதும்போது இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது: அந்தப் பல்லைக் காப்பாற்றிக் காட்ட எனக்கு ஆசையாக இருந்தது.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, பல்லைத் திறந்தேன். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம், அதாவது மேல்வாய்க் கூரைப் பக்கம், பெரிதாக ஒன்று. கன்னப் பக்கத்து முன்வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். அந்த இரண்டாவது மயிரிழை போல ஒளிந்திருக்கும். பலர் அதை விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. முக்கால் மணி நேரம் தேடி எடுத்தேன். உதவிக்கு நின்ற ரெஜினாவிடம், "பாத்தியாம்மா, நாலாவதும் கெடச்சிடுச்சு" என்று சொன்னதுகூட நினைவிருக்கிறது. ரெஜினா என்னிடம் பதினெட்டு வருடமாக வேலை பார்த்த உதவியாளர்.

நான்காவது கிடைத்ததும் என் தேடல் நின்றுவிட்டது. பல்லின் உட்கூடு வழக்கம்போல முக்கோணமாக இல்லை, சதுரத்துக்கு நெருக்கமாக இருந்தது. அதன் தரையில், அண்ணப் பக்கத்துக் குழாயின் வாயிலிருந்து பின்னோக்கி ஒரு மெல்லிய கருங்கோடு போனது. அந்தக் கோட்டின் முனையில் கூரான கருவியால் ஒருமுறை தொட்டேன். சிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும்; கையை எடுத்துவிட்டேன். நாலாவதைக் கண்டுபிடித்தவனுக்கு ஐந்தாவது ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. யாரும் தேடாததைத் தேடியாகிவிட்டது என்ற நிறைவு இருக்கிறதே, அதைவிடக் கெட்ட வழிகாட்டி நம் தொழிலில் இல்லை.

எக்ஸ்ரேயும் அப்படித்தான். நேராக ஒன்று, கோணம் மாற்றி ஒன்று என்று இரண்டு எடுப்பது என் வழக்கம். ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் வேர்கள் கோணம் மாற்றினால்தான் பிரிந்து தெரியும். முனிரத்தினத்துக்கு அன்று வாயில் எதை வைத்தாலும் ஓங்கரிப்பு வந்தது. சிறுநீரகம் போனவர்களுக்கு அது சகஜம். முதல் படம் எடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம் என்று இரண்டாவதை விட்டுவிட்டேன். அந்த ஒரு படத்தில் அண்ணப் பக்கத்து வேர் வழக்கத்தைவிட அகலமாக, ஓரம் கலங்கித் தெரிந்தது. அதைப் பார்த்தேன். படம் எடுக்கும்போது ஆடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாய்களில் மருந்து வைத்து மூடி அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் மீண்டும் திறந்தேன். ஒரு வாரம் மருந்து இருந்த பல்லில் நாற்றம் இருக்கக் கூடாது. இருந்தது.

இங்கே இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். இன்னும் உங்கள் மூக்கு வேலை செய்யும். என் மூக்கு முப்பது வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியின் காரநெடி, காற்று திரும்பினால் கிளினிக்குக்குள் வரும். தோல் தொழிற்சாலைக்காரர்கள் வாயைத் திறந்தால் ஏதோ ஒரு நாற்றம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு இங்கே எல்லாருக்கும் பழகிவிடுகிறது. அது மருத்துவப் புத்தகத்தில் இல்லாத பழக்கம். போதாததற்கு, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் மூச்சிலும் அதே போன்ற நெடி வீசும். இது புத்தகத்தில் இருக்கிறது.

ரெஜினா மாஸ்க்கை இறக்கி ஒருமுறை மோந்து பார்த்தார். "சார், இது கிட்னி வாட இல்ல. பல்லுக்குள்ள இருந்து வருது."

"ரத்தத்துல யூரியா ஏறினா அப்படித்தாம்மா இருக்கும்."

"போன வாரமும் ஏறித்தானே இருந்துச்சு? அப்போ இப்படி இல்லியே சார்."

வாயில் கருவிகளோடு இருந்த முனிரத்தினத்துக்குப் பதில் வெளியிலிருந்து அமுலுவின் குரல் கேட்டது. "அது தோல் யூனிட்டு நாத்தம்மா. வேலைக்குப் போயி ஒரு வருசம் ஆவுது, இன்னும் போவல. எனக்கு அவுரு ஊட்டாண்ட வந்தா வாசனையிலயே தெரிஞ்சிடும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நாற்றத்துக்கு இரண்டு விளக்கங்கள் கைவசம் இருந்ததால் மூன்றாவதைத் தேடவில்லை. முப்பரிமாண ஸ்கேன் வேலூரில் எடுக்கலாம். ஒரு நாள் பிடிக்கும். மறுநாள் ஞாயிறு. அதற்கடுத்த நாள் டயாலிசிஸ். சான்று தர வேண்டிய கடைசி நாளும் அதுதான். மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு, "இரண்டு நாள் பொறுங்கள், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தானே போன் போட முடியும்.

குழாய்களை நிரப்பி மூடினேன். கையோடு என் தாளில் எழுதி முத்திரை வைத்தேன்: "வேர் சிகிச்சை முடிந்தது. வாயில் தொற்று ஏதும் இல்லை. அறுவைக்குத் தடை இல்லை." முனிரத்தினம் அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

இருபத்திரண்டாம் நாள் அறுவை நடந்தது. அமுலுவின் சிறுநீரகம் மேசையிலேயே சிறுநீர் இறக்க ஆரம்பித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். முப்பதாம் நாள் முனிரத்தினமே எனக்குப் போன் செய்தார். "சார், ரெண்டு வருசம் கழிச்சு நல்லா ஒண்ணுக்குப் போறேன் சார். இவகிட்ட சொன்னா, அது என்னுதாச்சே, வேற எப்படிப் போவும்ங்கறா." பின்னால் அமுலு ஏதோ திட்டும் சத்தம் கேட்டது. வலி இருக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, கன்னம் மட்டும் கொஞ்சம் மதமதவென்று இருக்கிறது என்றார். மாத்திரையால் முகம் உப்பும் என்று நர்ஸ் சொன்னதாகவும் சொன்னார். ஆமாம், உப்பும் என்றேன். அந்தப் போன் எத்தனை நிமிடம் நீடித்தது என்றுகூட என் டைரியில் இருக்கிறது. எந்தப் பக்கக் கன்னம் என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்து நான்காம் நாள், புதன்கிழமை காலை, அந்த மருத்துவமனையின் பல் பிரிவிலிருந்து ஒரு பெண் மருத்துவர் பேசினார். குரலை வைத்துப் பார்த்தால் படிப்பு முடித்து நான்கைந்து வருடம் இருக்கும்.

"சார், வணக்கம். முனிரத்தினம்னு ஒரு பேஷன்ட். தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பல்லுல எத்தன கெனால் பண்ணீங்க?"

"நாலும்மா. முன்வேர்லயே ரெண்டு எடுத்தேன்."

"ஆமா சார், பாத்தேன். அது ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க." கொஞ்சம் தயங்கினார். "ஆனா பேலட்டல்ல ரெண்டு வேர் இருக்கு சார். தனித்தனியா. பின்னாடி இருக்கறத யாரும் தொடல. ஸ்கேன்ல அதோட நுனி சைனஸுக்குள்ள ஒடைச்சிக்கினு போயிருக்கு."

அண்ணப் பக்கம் இரண்டு வேர். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் அபூர்வம். அபூர்வம் என்று நானே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம காய்ச்சலோட வந்தாரு. இப்போ ஐசியூல இருக்காரு. நுரையீரல் பாத்தாங்க, யூரின் பாத்தாங்க, கழுத்துல டயாலிசிஸ் ட்யூப் இருந்த எடம் பாத்தாங்க. உங்க லெட்டர் ஃபைல்ல மொதல்லயே இருந்துச்சு சார். வாய் க்ளியர்னு. அதனால மூணு நாள் வாய யாரும் பாக்கல. நான் இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். வேரை விட்டது ஒரு தவறு. அது யாருக்கும் நேரும், உங்களுக்கும் நேரும். ஆனால் அந்தத் தாள், தேடவேண்டிய இடத்தில் தேடாதபடி மூன்று நாள் தடுத்தது. சிகிச்சையில் நேர்ந்த பிழையைவிட நான் எழுதிய வரிதான் எனக்கு இன்றும் கனக்கிறது. "நான்கு குழாய்களை நிரப்பினேன். ஒரே ஒரு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தேன். மருந்து வைத்தபிறகும் நாற்றம் இருந்தது." இப்படி எழுதியிருந்தால் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமையே வாயைத் திறந்து பார்த்திருப்பார். அதற்கு முன்பே அறுவையைத் தள்ளிவைத்திருப்பார்கள். செய்ததையும் பார்த்ததையும் எழுதுங்கள். பார்க்காததையும் எழுதுங்கள். "ஏதும் இல்லை" என்ற இரண்டு சொற்களை எழுத நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அன்று மாலையே பல்லை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். போவதற்கு முன் என் நண்பரான ஒரு மருத்துவரிடம் கேட்டேன். "போவாத. போனா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்" என்றார். ஒத்துக்கொள்ளத்தானே போகிறேன் என்றேன். சொல்லும்போது தைரியமாக இருந்தது. ஐசியூவுக்கு வெளியே நடைபாதையில் அமுலுவைப் பார்த்தபோது அந்தத் தைரியம் இல்லை. அவர் இடது விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தையல் பிரித்து அதிக நாள் ஆகவில்லை.

"இன்னா சார், நீங்க எங்க இங்க? பாக்கவா வந்தீங்க?" அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"அமுலு, அந்தப் பல்லுல ஒரு வேர் விட்டுப்போச்சும்மா. நான்தான் விட்டுட்டேன். அதுல சீழ் இருந்திருக்கு."

"அப்போ அந்த லெட்டரு?"

"தப்பும்மா."

"அதக் குடுத்தப்புறந்தானே சார் எங்களுக்கு தேதிய கன்ஃபார்ம் பண்ணாங்க." விலாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்க எழுதுனத நம்பித்தானே சார் நான் அறுத்துக்கினேன்."

இருவரும் அங்கேயே அரை மணி நேரம் நின்றோம். பிறகு அவர், "நீங்க போங்க சார்" என்றார்.

நாற்பத்தேழாம் நாள், சனிக்கிழமை, முனிரத்தினம் இறந்தார்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அமுலு கிளினிக்குக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ரெஜினா எழுந்து கதவருகே நின்றுகொண்டார். அமுலு நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்தபிறகுதான் உள்ளே வந்தார்.

"எனக்கு ஒரு லெட்டர் வேணும் சார்."

நாட்றம்பள்ளியில் இருக்கும் முனிரத்தினத்தின் அக்காள், அமுலுவின் சிறுநீரகம்தான் தம்பியைக் கொன்றது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டாள், ராசியில்லாதவள் என்று. காரியத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். அமுலுவின் மகள் பத்தாம் வகுப்பு. அந்தப் பெண்ணே ஒரு நாள், "உன் கிட்னி நல்லாத்தானேம்மா இருந்துச்சு?" என்று கேட்டதாம்.

"அவ கேட்டதுதான் சார் எனக்கு பேஜாரா பூட்ச்சு. மத்தவங்க இன்னா வேணா பேசிக்கட்டும். கிட்னி மேல தப்பு இல்ல, பல்லாலதான் செத்தாருன்னு நீங்க எழுதிக் குடுங்க. டாக்டர் எழுதுனா நம்புவாங்க இல்ல?"

இதுவரை சொன்னவற்றில் எனக்கு மிகக் கடினமான இடம் இதுதான். எழுதிக்கொடுப்பது எளிது. குற்றம் என்மேல்தான் வருகிறது. அதை ஏற்கவும் தயாராக இருந்தேன். அமுலுவுக்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவியும் அதுதான். ஆனால் ரத்தத்தில் கிருமி பரவி இறந்தார் என்பதுவரைதான் மருத்துவமனைக் கோப்பு சொல்கிறது. கிருமி பல்லிலிருந்து போயிருக்கலாம். கழுத்தில் குழாய் இருந்த இடத்திலிருந்தும் போயிருக்கலாம். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக ஒருமுறை எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

"அப்படியே எழுத முடியாதும்மா" என்றேன்.

அவர் முகம் இறுகியது. "போலீஸ் கீலீஸுன்னு பயப்படறீங்களா? நான் எங்கயும் போவ மாட்டேன் சார்."

"அதுக்கில்ல. எது எனக்கு நிச்சயமா தெரியுமோ அதத்தான் எழுதுவேன். இரு, எழுதறேன். படிச்சுக் காட்டறேன். வேணாம்னா கிழிச்சிடு."

கோப்பின் நகல் அவரிடம் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழிலேயே எழுதினேன். பொருத்திய சிறுநீரகம் அறுவை நாள் முதல் இறப்புக்கு முந்தின நாள்வரை நன்றாக வேலை செய்தது என்பதற்கு ஆய்வகத் தாள்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தேன். கொடுத்தவரின் சிறுநீரகத்தில் நோய் இருந்ததற்கு எந்தக் குறிப்பும் இல்லை. மேல் இடது முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு வேரை நான் சிகிச்சை செய்யாமல் விட்டேன். அதில் சீழ் இருந்தது. தொற்று இல்லை என்று நான் கொடுத்த சான்று தவறு. மரணத்துக்குக் காரணமான கிருமி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாது.

படித்துக் காட்டினேன். அமுலு கடைசி வரியில் விரலை வைத்தார். "இது எதுக்கு சார்? இத எடுத்துட்டா நல்லா இருக்குமே."

"இத எடுத்துட்டா மேல இருக்கறதையும் நம்ப முடியாதும்மா."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "மொதல் வரிய மட்டும் இன்னொரு தரம் படிங்க" என்றார். படித்தேன். இறப்புக்கு முந்தின நாள்வரை நன்றாக வேலை செய்தது.

"என்னுது ஓடிக்கினுதான் இருந்துச்சு, இல்ல சார்?"

"ஆமாம்மா. ஓடிக்கினுதான் இருந்துச்சு."

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் வரவில்லை. நாட்றம்பள்ளியில் அதைப் படித்துக் காட்டினாரா, மகளிடம் மட்டும் காட்டினாரா, தெரியாது.

பல்லை எடுத்த அன்று வேர் நுனியிலிருந்த சீழைக் கிருமி ஆய்வுக்கு அனுப்பியதாக அந்தப் பெண் மருத்துவர் என்னிடம் சொன்னார். அதன் முடிவு அமுலுவிடம் இருந்த நகலில் இல்லை. நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். ஒருமுறை நேரில் போனேன். மாதிரி அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறது, ஆய்வகம் பெற்றுக்கொண்டதற்கு இல்லை என்றார்கள். பல்லில் இருந்த கிருமியும் ரத்தத்தில் வளர்ந்த கிருமியும் ஒன்றா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.